‘பத்து நிமிடத்தில் காசு’ கடன்: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு, சிக்கிய பின் தட்ட வேண்டிய கதவு

அடையாள அட்டையின் இரு பக்கப் படம், ஒரு செல்ஃபி, வங்கிக் கணக்கு இலக்கம், தெரிந்தவர்கள் இருவரின் தொலைபேசி எண். இவ்வளவும் ஒரு கைத்தொலைபேசிக் கடன் செயலியில் கொடுத்தால் சம்பளம் வருவதற்குள் ஒரு தொகை கணக்கில் விழுந்துவிடும். முதல் கடனுக்கு வட்டி இல்லை என்றும் சொல்வார்கள். அதை ஒழுங்காகக் கட்டியவருக்கு இரண்டாம் கடன் பெரிதாகக் கிடைக்கும். உண்மையான விலை அதில்தான் தெரியவரும்.

கொழும்பில் இதில் மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் முறைப்பாட்டைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். மத்திய வங்கிக்குப் போக வேண்டியது பொலிஸுக்குப் போகும், பொலிஸுக்குப் போக வேண்டியது மத்திய வங்கிக்குப் போகும். “இது எங்கள் அதிகாரத்துக்குள் வராது” என்ற பதில் கிடைப்பதற்குள் இரண்டு கிழமை ஓடிவிடும், தண்டப்பணமும் ஏறிவிடும். ஆகவே எந்தச் சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

கடன் தருபவர் யார் என்று கண்டுபிடியுங்கள்

2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம், பொதுமக்களிடம் வைப்புப் பணம் வாங்கித் தொழில் செய்வோரை மத்திய வங்கியின் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் (சிறுகடன்) சட்டமும் வைப்பு வாங்கும் நுண்நிதிக் கம்பனிகளுக்கே உரிமம் கேட்டது. யாரிடமும் வைப்பு வாங்காமல், சொந்தக் காசையோ முதலீட்டாளரின் காசையோ கடனாகக் கொடுப்பவர் இந்த இரண்டு சட்டங்களுக்கும் வெளியே நின்றார். இணையவழிக் கடன் செயலிகள் பல நுழைந்தது இந்த இடைவெளியால்தான். அதை மூட, கடன் கொடுப்போரையும் தனி அதிகாரசபையின் கீழ் பதிவு செய்விக்கும் சட்டமூலம் கொண்டுவரப்பட்டது. எனவே எந்தக் கடன் நிறுவனத்திடமும் முதலில் கேட்க வேண்டியது: “எந்தச் சட்டத்தின் கீழ், எந்த இலக்கத்தில் பதிவு?”

“நாங்கள் பதிவு செய்யப்பட்ட கம்பனி” என்ற பதிலை ஏற்க வேண்டாம். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் பதிவு செய்வதும், கடன் தொழிலுக்கு உரிமம் பெறுவதும் வேறு வேறு. சில்லறைக் கடைக்கும் கம்பனிப் பதிவு இலக்கம் இருக்கலாம்.

செயலியின் பெயரை விட்டுவிட்டு, ஒப்பந்தத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் சட்டப்படியான கம்பனிப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய வங்கியின் இணையதளத்தில் உரிமம் பெற்ற வணிக வங்கிகள், விசேட வங்கிகள், நிதிக் கம்பனிகள், நுண்நிதிக் கம்பனிகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பட்டியல் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள், ஏனென்றால் பெரிய நிதிக் கம்பனியின் பெயரோடு ஒரு சொல்லைச் சேர்த்துப் புதுப் பெயர் வைப்பது வழமையான தந்திரம். சந்தேகமிருந்தால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்தில் கேட்கலாம். கம்பனி உண்மையில் இருக்கிறதா என்பதைக் கம்பனிப் பதிவாளரின் இணையதளத்தில் பெயரைத் தேடியே பார்க்கலாம். ஒப்பந்தத்தில் கம்பனிப் பெயரோ முகவரியோ இல்லையென்றால் அந்தக் கடனை எடுக்காதீர்கள். நாளைக்கு யார்மேல் முறைப்பாடு செய்வது என்றே தெரியாமல் போகும்.

கணக்கைக் கையில் வந்த தொகையில் போடுங்கள்

செயலி 20,000 ரூபா என்று காட்டும். சேவைக் கட்டணம் 3,600 ரூபாவை முன்கூட்டியே கழித்துவிட்டு 16,400 ரூபாவைக் கணக்கில் போடும். 15ஆம் நாள் 20,000 கட்ட வேண்டும். “வட்டி 0” என்று எழுதியிருந்தாலும் உங்களுக்கான செலவு 3,600 ரூபா.

கணக்கு இப்படி: கூடுதலாகக் கட்டும் தொகையைக் கையில் வந்த தொகையால் வகுங்கள். அதை 365ஆல் பெருக்கி, கடன் நாட்களால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். 3,600ஐ 16,400ஆல் வகுத்தால் 15 நாளுக்கு ஏறத்தாழ 22 வீதம். ஆண்டுக்கு 534 வீதம். தெருமுனை வட்டிக்காரரின் ‘மாதம் நூற்றுக்குப் பத்து’ ஆண்டுக்கு 120 வீதம்தான். அந்த வட்டியே கொடுமை என்று சொல்லும் நாம், இதைக் கவனிக்காமல் விடுவதற்குக் காரணம் கட்டணம் என்ற பெயர். சேவைக் கட்டணம், சரிபார்ப்புக் கட்டணம், காப்புறுதி, ‘விஐபி’ கட்டணம், எந்தப் பெயரில் வந்தாலும் எல்லாவற்றையும் கூட்டிய பிறகே வகுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமானால் பிரித்தானியாவை எடுக்கலாம். அங்கு 2015 ஜனவரி 2 முதல் இத்தகைய குறுங்காலக் கடனுக்கு வட்டியும் கட்டணமும் சேர்ந்து நாளுக்கு 0.8 வீதத்தைத் தாண்டக் கூடாது. தவணை தவறினால் அறவிடும் கட்டணம் அதிகபட்சம் 15 பவுண். மொத்தச் செலவு வாங்கிய தொகைக்கு மேல் போகக் கூடாது. கடனை இரண்டு முறைக்கு மேல் நீடிக்கவும் முடியாது. அந்த அளவில் 16,400 ரூபாவுக்கு 15 நாள் செலவு ஏறக்குறைய 1,970 ரூபா. மேலே சொன்ன செயலி எடுப்பது கிட்டத்தட்ட அதன் இருமடங்கு. அந்தச் சட்டம் இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் கையில் இருக்கும் கடன் எவ்வளவு கனமானது என்று அதை வைத்து மட்டிடலாம்.

காசைத் தின்பது கடனைவிட நீடிப்புத்தான். தவணை நாளில் 20,000 இல்லையென்றால் “3,000 கட்டுங்கள், இன்னும் 15 நாள் தருகிறோம்” என்பார்கள். அந்த 3,000இல் ஒரு சதம்கூட அசலில் கழியாது. நான்கு முறை நீடித்தால் 12,000 போய், 75ஆம் நாளிலும் 20,000 அப்படியே நிற்கும். 16,400 வாங்கியவர் 32,000 கட்டி முடிப்பார். நீடிப்புக்குப் பணம் அனுப்புமுன் “இதில் அசலுக்கு எவ்வளவு கழியும்?” என்று எழுத்தில் கேளுங்கள். “இல்லை” என்ற பதில் வந்தால், அதே 3,000ஐ அசலில் கழிக்கும் தவணைத் திட்டமாக மாற்றித் தரும்படி கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன்

வாக்குறுதிப் பத்திரத்தில், அதாவது புரோ நோட்டில், தொகை எழுதாமல் வெற்றாகக் கையெழுத்துப் போடாதீர்கள். 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணக்கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டம் பழையதுதான், ஆனாலும் கடனாளிக்குப் பெரிய துணை. கடனுக்குப் பிணையாக எழுதும் நோட்டில் மூன்று விடயங்கள் தனித்தனியாக இருக்க வேண்டும் என்கிறது: உண்மையில் கைக்கு வந்த தொகை, முன்கூட்டியே கழித்த வட்டி அல்லது கட்டணம், ஆண்டு வட்டி வீதம். இவை இல்லாத நோட்டை வைத்து வழக்காடுவது கடன் கொடுத்தவருக்குக் கடினம். தவறு வேண்டுமென்று செய்ததல்ல என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால்தான் அவருக்குச் சலுகை கிடைக்கும். கொடுத்ததைவிடக் கூடிய தொகையைத் தெரிந்தே நோட்டில் எழுதி வாங்குவதையும் அதே சட்டம் குற்றமாக்குகிறது. வட்டி மிதமிஞ்சியது, கொடுக்கல் வாங்கல் நியாயமற்றது என்று கண்டால் நீதிமன்றம் அந்தக் கணக்கைத் திறந்து மீண்டும் பார்க்கலாம்.

காசோலை கொடுப்பதை முடிந்தவரை தவிருங்கள். கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். கணக்கில் காசில்லை என்று தெரிந்தே கொடுத்த காசோலை திரும்பினால் அது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். திகதி போடாத காசோலையைப் ‘பாதுகாப்புக்கு’ என்று கேட்பதன் நோக்கம் இதுதான்.

செயலியை நிறுவும்போது தொடர்புப் பட்டியல், படங்கள், குறுஞ்செய்தி ஆகியவற்றைப் பார்க்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்தால் இயங்காத செயலியை நீக்கிவிடுங்கள். நாளை உங்கள் மேலதிகாரிக்கும் மாமாவுக்கும் போகும் அழைப்பு அந்தப் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படும். கூகுள் பிளே விதிகளின்படி தனிநபர் கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது. முழுக் கடனையும் 60 நாள் அல்லது அதற்குள் கட்டச் சொல்லும் செயலிகளுக்கும் அங்கே இடமில்லை. ஆகவே 15 நாள் கடன் தரும் செயலி பிளே ஸ்டோரில் இருந்தால், அது விதியை மீறுகிறது என்று அந்தப் பக்கத்திலேயே முறையிடலாம். வட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்பிலிருந்து தரவிறக்கச் சொல்லும் செயலியை அந்தச் சோதனைகள் எவையும் தொடுவதில்லை, அதை நிறுவவே வேண்டாம்.

கடன் எடுப்பதென்று முடிவு செய்துவிட்டால், பணம் வருமுன்னே ஒப்பந்தம், கட்டண அட்டவணை, தவணைத் திகதி, கம்பனி முகவரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வேறொரு இடத்தில் சேமியுங்கள். கணக்கு முடக்கப்பட்டால் செயலிக்குள் இருப்பதைப் பார்க்கவே முடியாது.

இன்னொரு வழி இருக்கிறதா என்று ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. வேலைத்தளத்தில் சம்பள முன்பணம் கேட்பது கூச்சமாக இருக்கும், ஆனால் அதற்கு வட்டி இல்லை. வீட்டில் நகை இருந்தால் வங்கியில் அடகு வைப்பதன் செலவு மேலே சொன்ன 534 வீதத்துக்குப் பக்கத்திலும் வராது. கூட்டுறவுக் கிராமிய வங்கியில் அங்கத்தவராக இருப்பவர்கள் அங்கேயும் கேட்கலாம்.

கட்ட முடியாது என்று தெரிந்த நாளில்

தவணை நாள் வரும்வரை காத்திராதீர்கள். முதலில், செயலியுடன் இணைத்த டெபிட் அட்டையை வங்கிக்கு அழைத்து முடக்கிப் புது இலக்கத்தில் அட்டை கேளுங்கள். சம்பளம் விழுந்த நிமிடமே முழுத் தொகையையும் இழுத்துவிட்டால் வாடகைக்கும் பள்ளிக்கூட வான் காசுக்கும் எதுவும் மிஞ்சாது. பிறகு எழுத்தில் அறிவியுங்கள். தொலைபேசியில் பேசியது நாளைக்கு நிற்காது. இந்த அளவு போதும்:

“[கடன் இலக்கம்] இன் கீழ் [திகதி] அன்று எனது கணக்குக்கு வந்த தொகை ரூபா 16,400. இதுவரை நான் கட்டியது ரூபா ____. மீதியை மாதம் ரூபா ____ வீதம் ____ தவணைகளில் கட்ட முன்வருகிறேன். ஒவ்வொரு தவணையிலும் அசலில் கழியும் தொகையைக் காட்டும் கணக்கறிக்கையைத் தரவும். இனி என்னுடன் எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளவும். எனது உறவினர், சக ஊழியர் எவரையும் தொடர்புகொள்ள நான் சம்மதிக்கவில்லை.”

இதை மின்னஞ்சலிலும், முகவரி இருந்தால் பதிவுத் தபாலிலும் அனுப்பி, தபால் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகக் கட்டும் காசு முதலில் வட்டிக்கே கழிக்கப்படும். அசலில் கழிய வேண்டுமானால் அவர்கள் எழுத்தில் சம்மதிக்க வேண்டும் என்பதால்தான் கணக்கறிக்கை கேட்கிறோம். பணத்தைக் கம்பனியின் பெயரிலுள்ள கணக்குக்கு மட்டும் போடுங்கள். அறவீட்டுக்காரர் தரும் தனிப்பட்ட கணக்குக்குப் போட்ட காசு வரவே இல்லை என்று பின்னர் சொல்லப்படுவதுண்டு.

ஒரு கடனை அடைக்க இன்னொரு செயலியில் கடன் எடுப்பதுதான் இரண்டு மாதத்தில் ஒரு கடனை ஆறு கடனாக்கும் வழி. கட்டாமல் ஒரு கிழமை தாமதிப்பதைவிட அது மோசம்.

மிரட்டல் தொடங்கினால்

“நாளைக்குப் பொலிஸ் வரும்” என்பார்கள். கடன் பாக்கிக்காகப் பொலிஸ் வீடு தேடி வராது. “உங்கள் படத்தைப் பேஸ்புக்கில் போடுவோம்”, “மனைவியின் அலுவலகத்துக்கு அனுப்புவோம்” என்பவை வேறு வகை. காசு பறிப்பதற்காக ஒருவரை அச்சத்துக்குள்ளாக்குவது தண்டனைச் சட்டக் கோவையின் 372ஆம், 373ஆம் பிரிவுகளில் கப்பம் பறித்தல். குற்றவியல் மிரட்டல் 483ஆம், 486ஆம் பிரிவுகளில் வருகிறது. நீங்கள் கடன் வாங்கியது உண்மை என்பதால் இந்தக் குற்றங்கள் மன்னிக்கப்படுவதில்லை. பொலிஸில் இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். “கடன் பிரச்சினை” என்று தொடங்கினால் “அது சிவில், வழக்குப் போடுங்கள்” என்று திருப்பி அனுப்புவார்கள். “மிரட்டல் பற்றி முறைப்பாடு செய்ய வந்தேன்” என்று தொடங்குங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: மிரட்டல் செய்திகளின் அச்சுப் பிரதி, அனுப்பிய எண்ணும் நேரமும் தெரியும்படி. அழைப்புப் பட்டியலின் ஸ்கிரீன்ஷொட். செய்தி கிடைத்த நண்பர்களிடமிருந்து அவர்களுடைய திரையில் தெரிந்தபடியே படம். தேசிய அடையாள அட்டை. செய்திகளை அழிக்காதீர்கள், எண்ணைத் தடை செய்வதற்கு முன் பிரதி எடுத்துவிடுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதித் தர உங்களுக்கு அரசியலமைப்பு உரிமை இருக்கிறது. சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் விளங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், வாசித்து மொழிபெயர்த்துச் சொல்லக் கேளுங்கள். மொழி காரணமாக மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு 1956 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லலாம். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

மாற்றம் செய்த படங்களோ போலிப் பேஸ்புக் கணக்கோ என்றால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கம் அதை நீக்குவதற்கு வழிகாட்டும். பெண்களுக்கு 1938 என்ற உதவி இலக்கம் இருக்கிறது. மிரட்டப்படுபவர் உடைந்துபோயிருந்தால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், உடனே மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள், அல்லது வீட்டில் ஒருவரிடம் கடன் முழுவதையும் சொல்லிவிடுங்கள். இந்த மிரட்டலின் பலமே அது இரகசியமாக இருப்பதில்தான். தொடர்புப் பட்டியலில் இருக்கும் முக்கியமானவர்களுக்கு “என் பெயரில் இப்படி ஒரு செய்தி வரலாம், தயவுசெய்து பிரதி எடுத்து எனக்கு அனுப்புங்கள்” என்று நீங்களே முந்திச் சொல்லிவிட்டால் அந்தப் பலம் பாதி போய்விடும்.

எந்தக் கதவு எதற்கு

உரிமம் பெற்ற வங்கி, நிதிக் கம்பனி, நுண்நிதிக் கம்பனி என்றால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட வேண்டும். பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், 1935. நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதியும் அதன் பதிலும் இல்லாமல் போனால் “முதலில் அங்கே கேளுங்கள்” என்றுதான் அனுப்புவார்கள். 2023இன் 1ஆம் இலக்க நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் கட்டுப்படுத்துவது இந்த நிறுவனங்களைத்தான். கட்டணத்தை மறைத்தது, அறவீட்டில் துன்புறுத்தியது போன்றவற்றை அந்த ஒழுங்குவிதிகளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்பது வீண், அது மத்திய வங்கியின் வேலையல்ல. கொழும்பு 5 வஜிரா வீதியில் நிதியியல் ஒம்புட்ஸ்மன், அதாவது நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிப்பவர், இருக்கிறார். கட்டணமில்லை, ஆனால் அந்தத் திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்களுக்கு மட்டும்.

உரிமமில்லாத செயலி என்றால் இந்த இரண்டு கதவும் பெரிதாகத் திறக்காது. அங்கே பொலிஸும் நீதிமன்றமும்தான். புதுக்கடை நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். வருமான எல்லைக்குள் இருப்பவர்களுக்கு வழக்கிலும் உதவுவார்கள். அங்கே கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று: இலங்கையின் சிவில் சட்டப்படி அறவிடக்கூடிய வட்டி அசலைத் தாண்டக் கூடாது. 20,000க்கு 60,000 கேட்டால் 40,000 வட்டியும் தண்டமும் என்று ஆகிறது. இந்த விதி உங்கள் ஒப்பந்தத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று சட்டத்தரணி பார்த்துச் சொல்ல வேண்டும். வங்கிகளுக்கு 1990ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருப்பதால் இதை எல்லோருக்கும் ஒரேமாதிரி எண்ணிவிடாதீர்கள்.

மத்தியஸ்த சபையிலிருந்து அறிவித்தல் வந்தால் அது பயமுறுத்தலல்ல, கட்டாயம் போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சிறிய தொகைப் பிணக்குகள் வழக்குக்கு முன் அங்கே வர வேண்டும். சட்டத்தரணி வர முடியாது, நீங்களே பேச வேண்டும். கையில் வந்த தொகை, கட்டிய தொகை, திகதி என்று ஒரு தாளில் எழுதி, வங்கிக் கூற்றுடன் கொண்டுபோங்கள். விருப்பமில்லாத தீர்வில் கையெழுத்திடச் சபை உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. கட்ட முடியாத தவணைக்கு வெட்கத்தில் சம்மதித்துவிட்டு அடுத்த மாதமே தவறுவதைவிட, முடிந்த தொகையை அங்கேயே சொல்லுங்கள்.

நீதிமன்ற அழைப்பாணை வந்தால் அதில் போட்டிருக்கும் நாளைத் தவறவிடாதீர்கள். வாக்குறுதிப் பத்திரத்தின் மேல் தொடரும் சுருக்கமுறை வழக்கில் எதிர்வாதம் செய்யவே நீதிமன்றத்தின் அனுமதியை முதலில் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால், உங்கள் பக்கம் எவ்வளவு நியாயமிருந்தாலும் தீர்ப்பு எதிராகப் போய்விடும்.

கட்டி முடித்த அன்று

கடன் முடிந்தது என்று கம்பனித் தலைப்புத் தாளில் கடிதம் வாங்குங்கள். கொடுத்த நோட்டு, காசோலை எல்லாவற்றையும் திருப்பி வாங்குங்கள். தொலைந்துவிட்டது என்றால் அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பிறகு அடையாள அட்டைப் படத்தையும் தொடர்பு எண்களையும் அழிக்கும்படி எழுதிக் கேட்டுவிட்டு, தொலைபேசியில் செயலியின் அனுமதிகளை நிறுத்தி, அதன்பின் நீக்குங்கள். ஒரு மாதம் கழித்துக் யார் எவ்வளவு கடன் பட்டிருக்கிறார் என்று பதிவு வைக்கும் கொழும்பு 1இலுள்ள கடன் தகவல் பணியகத்தில், எல்லோரும் ‘கிரிப்’ என்று சொல்லும் இடத்தில், உங்கள் சொந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். முடிந்த கடன் இன்னும் நிலுவையில் காட்டப்பட்டால், முடிவுக் கடிதத்தின் பிரதியுடன் அந்தப் பதிவைப் போட்ட நிறுவனத்திடமும் பணியகத்திடமும் திருத்தம் கேளுங்கள்.